வீட்டிலும் வேலையிலும் புனித வாழ்வு: பொதுநிலையினருக்கு ஒரு முழு வழிகாட்டி

2022 மே 15 அன்று ரோமில், புனித பேதுரு பேராலய வளாகத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் பத்துப் பேரைப் புனிதர்களாக அறிவித்தார். ஒன்பது பேர் குருக்களும் துறவியரும். மீதி ஒருவர் குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினர், கல்யாணமானவர், அரண்மனையில் வேலை பார்த்தவர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் நட்டாலத்தில் 1712இல் பிறந்த தேவசகாயம்.

"புனிதமெல்லாம் சாமியார்களுக்கும் சிஸ்டர்களுக்கும். நமக்கு ஞாயிற்றுக்கிழமை பூசை போதாதா?" என்ற பேச்சைப் பங்குகளில் அடிக்கடி கேட்கிறோம். உலகெங்கும் இருந்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில் ஐந்தாம் அதிகாரம் முழுக்க இதற்கான பதில்தான். எந்த நிலையில் வாழ்கிறவராக இருந்தாலும் எல்லாக் கிறிஸ்தவர்களும் முழுப் புனிதத்துக்கே அழைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று அது சொல்கிறது. விதிவிலக்கு என்று யாரும் இல்லை.

ஆனால் ஒன்று. பக்தி முயற்சிகளைக் கூட்டிக்கொண்டே போவது நமக்குச் சுலபமாக வருகிறது. நவநாள், திருயாத்திரை, செபக்கூட்டம் எதையும் விடமாட்டோம். கூட இருக்கிறவர்களையும் கையில் இருக்கிற பணத்தையும் பற்றி ஆண்டவர் கேட்கும்போதுதான் நழுவுகிறோம். அதனால் இந்த வழிகாட்டியில் அந்த இரண்டுக்கும் வேண்டுமென்றே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

தொடங்கும் முன்: புனிதம் என்று திருச்சபை எதைச் சொல்கிறது?

விண்ணகத்தில் இறைவனோடு இருக்கும் எல்லாருமே புனிதர்கள்தான். பட்டம் பெற்றவர்கள் அவர்களில் நமக்குப் பெயர் சொல்லி அடையாளம் காட்டப்பட்ட சிலர். நவம்பர் 1 அன்று அனைத்துப் புனிதர் பெருவிழாவில் பெயர் தெரியாத மற்றவர்களையும் சேர்த்தே கொண்டாடுகிறோம். அதில் உங்கள் பாட்டியும் இருக்கலாம்.

மறைசாட்சியாக, அதாவது விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டு, இறக்காத ஒருவரைப் புனிதராக்குவதற்கு முன் ரோமில் எதை ஆராய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நமக்கே உதவும். காட்சி கண்டாரா, இயேசுவின் ஐந்து காயங்களைத் தன் உடலில் பெற்றாரா என்பது அங்கே முதல் கேள்வி இல்லை. விசுவாசம், எதிர்நோக்கு, அன்பு என்ற மூன்று இறைப் பண்புகளையும், விவேகம், நீதி, மனத்துணிவு, தன்னடக்கம் என்ற நான்கு அடிப்படைப் பண்புகளையும் சாதாரண அளவைத் தாண்டி, விடாமல் வாழ்ந்தாரா என்று பார்க்கிறார்கள். அவரோடு வாழ்ந்தவர்களின் சாட்சியத்தை வாங்குகிறார்கள். இந்த ஏழில் எதற்கும் கன்னியர் மடம் தேவையில்லை, கவனித்தீர்களா?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இது நம் முயற்சியால் ஏறிப் பிடிக்கும் உயரம் என்று நினைத்தால் சீக்கிரமே சோர்ந்துபோவோம். "என்னைவிட்டுப் பிரிந்து உங்களால் எதுவும் செய்ய இயலாது" என்று யோவான் நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். திருமுழுக்கில் அவருடைய உயிர் நமக்குள் வந்துவிட்டது. அது வளர இடம் கொடுப்பதுதான் கீழே வரும் படிகளின் வேலை.

1. இயேசுவை நற்செய்தியில் பாருங்கள்

கிறிஸ்துவைப் போல வாழ வேண்டுமானால் அவர் எப்படி வாழ்ந்தார் என்று தெரிந்திருக்க வேண்டும். பூசையில் கேட்கும் பகுதிகள் மட்டும் போதாது. மாற்கு நற்செய்தியில் தொடங்குங்கள். நான்கிலும் சிறியது அதுதான், பதினாறே அதிகாரம். நாளுக்கு ஒன்று வாசித்தால் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும்.

வாசிக்கும்போது அவர் மனிதர்களிடம் நடந்துகொள்ளும் விதத்தைக் கவனியுங்கள். முதல் அதிகாரத்தில் தொழுநோயாளர் ஒருவர் வருகிறார். இயேசு முதலில் கையை நீட்டித் தொடுகிறார், அப்புறம்தான் நோய் நீங்குகிறது. யாரும் தொடாத உடம்பை, அது சுகமாகும் முன்பே தொட்டுவிடுகிறார். பத்தாம் அதிகாரத்தில் எரிகோ சாலையோரம் பர்த்திமேயு கத்துகிறார். சுற்றி இருப்பவர்கள் அதட்டுகிறார்கள். இயேசு நிற்கிறார், அவரைக் கூப்பிடச் சொல்கிறார், "நான் உமக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார். பார்வையற்றவருக்கு என்ன வேண்டும் என்பது யாருக்கும் தெரியும். இருந்தும் கேட்கிறார். உதவி செய்யப் போகும் இடத்தில் நாம் இப்படிக் கேட்கிறோமா, நாமே முடிவு செய்துவிடுகிறோமா?

நாசரேத்தில் அவர் கழித்த காலத்தையும் மறந்துவிடாதீர்கள். போதிக்கத் தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது என்கிறார் லூக்கா. அதுவரை தச்சு வேலை, வீடு, தொழுகைக்கூடம். அந்த வருடங்களும் மீட்பின் வருடங்கள்தான்.

2. செபத்துக்கு ஒரு நேரம், ஓர் இடம்

"நேரம் கிடைக்கும்போது செபிப்பேன்" என்றால் கிடைக்காது. நேரத்தைக் குறித்துவிடுங்கள். பதினைந்து நிமிடம் போதும், ஆனால் தினமும். மாற்கு 1:35இல் இயேசுவே விடியும் முன் எழுந்து தனிமையான இடத்துக்குப் போகிறார். காலையில் சமையலும் பிள்ளைகளின் பள்ளியும் நெருக்கினால், எல்லாரும் கிளம்பிப் போன பின் வரும் அமைதியை எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் வேலைக்குப் போகிறவர் அங்கே செபமாலை சொல்லலாம். போன் வேறு அறையில் இருக்கட்டும்.

என்ன செய்வது என்று குழம்ப வேண்டாம். அன்றைய நற்செய்திப் பகுதியை மெதுவாக வாசியுங்கள். மனதில் தைத்த ஒரு வரியில் நில்லுங்கள். அதைப் பற்றி ஆண்டவரிடம் உங்கள் வார்த்தையில் பேசுங்கள். கொஞ்ச நேரம் சும்மா இருங்கள்.

சில மாதங்களில் வறட்சி வரும். ஒன்றும் தோன்றாது, யாரும் கேட்காத மாதிரி இருக்கும். நம் விசுவாசத்தில்தான் கோளாறு என்று பலர் அந்த இடத்தில் செபத்தை விட்டுவிடுகிறார்கள். கொல்கத்தாவின் அன்னை தெரசா பல பத்தாண்டுகள் இப்படி ஓர் இருளில் வாழ்ந்தார் என்பது அவர் இறந்த பின் வெளிவந்த கடிதங்களில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அத்தனை காலமும் அவர் அதிகாலையில் எழுந்து செபித்தார், பூசைக்குப் போனார், பிறகு தெருவில் கிடந்தவர்களைத் தூக்கப் போனார். உணர்ச்சி வரவில்லை என்பதால் உட்காரும் நேரத்தைக் குறைக்காதீர்கள்.

3. இரவில் பத்து நிமிட ஆன்ம சோதனை

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் பின்பற்ற முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்துத் தந்த முறை இது, ஐந்து கட்டங்கள் கொண்டது. படுக்கும் முன், அசதியில் கண் சொருகாத நேரத்தில் செய்யுங்கள்.

முதலில் நன்றி. இன்று கிடைத்த நல்லவற்றைப் பெயர் சொல்லி நினையுங்கள். "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று மொத்தமாக முடித்துவிடக் கூடாது. மதியம் கிடைத்த சூடான சாப்பாடு, மகள் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது, வலி இல்லாமல் படியேறியது என்று தனித்தனியாக. அடுத்து, உள்ளதை உள்ளபடி பார்க்கத் தூய ஆவியிடம் ஒளி கேளுங்கள். மூன்றாவது, காலையிலிருந்து மணிவாரியாக நாளை நடத்திப் பாருங்கள். நான்காவது, தவறியதற்கு மன்னிப்பு. ஐந்தாவது, நாளைக்கு என்ன செய்வேன் என்று ஒரே ஒரு தீர்மானம்.

மூன்றாவது கட்டத்தில்தான் பலர் வழுக்கிவிடுவார்கள், அதனால் ஓர் உதாரணம் சொல்கிறேன். காலை ஏழரை மணி. இட்லி வெந்துகொண்டிருக்கிறது, பையனின் சாக்ஸைக் காணோம். அந்த நேரத்தில் மாமியார், "என் பிரஷர் மாத்திரை எங்கம்மா?" என்று கேட்கிறார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்கிறார். "அங்கேதான் இருக்கு, பாருங்க அத்தை" என்று பதில் சொல்கிறீர்கள். வார்த்தையில் குற்றமே இல்லை. குரலில் இருந்தது. அவர் அதற்கு மேல் கேட்காமல், தானே தடவித் தேடி எடுத்துக்கொண்டார். இரவில் அதை நினைத்துப் பார்க்கும்போது "இன்று கோபப்பட்டேன்" என்று எழுதிக் கடந்துவிடாதீர்கள். அந்தக் குரலுக்குப் பின்னால் என்ன இருந்தது? அவசரமா, அல்லது நேற்று அவர் சொன்ன ஏதோ ஒன்று இன்னும் மனதில் கிடக்கிறதா? நேற்றைய பேச்சுதான் என்று தெரிந்தால், நாளைய தீர்மானம் "கோபப்பட மாட்டேன்" என்று இருக்காது. "காலையில் காபி கொடுக்கும்போதே மாத்திரையையும் தண்ணீரையும் கையில் கொடுப்பேன்" என்று இருக்கும். செய்தோமா இல்லையா என்று மறுநாள் இரவு சரிபார்க்க முடிகிற தீர்மானம் இதுதான்.

நல்லது செய்த தருணத்தையும் பாருங்கள். எந்த இடத்தில் அருள் வேலை செய்தது என்று தெரிந்தால், அடுத்த முறை அதே இடத்தில் அதை அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

4. ஒப்புரவு அருட்சாதனம்

கனமான பாவம் செய்திருந்தால் வருடத்துக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்ய வேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். அது கடைசி வரம்பு. வளர நினைக்கிறவர் மாதம் ஒருமுறை போவது நல்லது. தினமும் ஆன்ம சோதனை செய்கிறவருக்கு என்ன சொல்வது என்று தேட வேண்டியிருக்காது.

நடைமுறையில் சில விஷயங்கள். பல வருடம் போகவில்லையா? முதல் வாக்கியத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள், முறை மறந்துவிட்டது என்றும் சொல்லுங்கள். குருவானவர் கைபிடித்து நடத்துவார். உங்கள் பாவத்தை மட்டும் சொல்லுங்கள். கணவர் செய்தது, நாத்தனார் செய்தது எல்லாம் அங்கே வேண்டாம். "தம்பிக்குச் சேர வேண்டிய பங்கைக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்" என்று இருப்பதைச் சொல்லுங்கள். "சில சமயம் சுயநலமாக இருந்தேன்" என்ற பூசி மெழுகல் உங்களுக்கே உதவாது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். தான் ஏமாற்றியவர்களுக்கு நான்கு மடங்காகத் தருவதாகச் சொன்ன வரி வசூலிப்பவரான சக்கேயுவைப் பார்த்துத்தான் "இன்று இந்த வீட்டுக்கு மீட்பு உண்டாயிற்று" என்றார் இயேசு.

அதே பாவத்தையே மறுபடி மறுபடி சொல்ல வெட்கமாக இருக்கிறது என்று சிலர் போவதை நிறுத்திவிடுகிறார்கள். ஜெனீவாவின் ஆயராக இருந்த புனித பிரான்சிஸ் சலேசியார், 1609இல் பொதுநிலையினருக்காகவே எழுதிய நூலில் இதைத் தொட்டிருக்கிறார். விழுந்துவிட்டால் உங்கள் மீதே எரிந்து விழாதீர்கள், இதயத்தை மென்மையாகத் தூக்கி நிறுத்தி மறுபடி நடங்கள் என்பது அவருடைய அறிவுரை. நம் மேல் நமக்கு வரும் அந்தக் கோபத்தில் பெரும்பகுதி தற்பெருமைதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரே குருவிடம் தொடர்ந்து போனால் அவர் உங்கள் போக்கை அறிவார். அவரையே ஆன்ம வழிகாட்டியாக இருக்கும்படி கேட்கலாம்.

5. திருப்பலி

இதில் சுருக்கமாகவே சொல்கிறேன். கால் மணி நேரம் முன்னால் போங்கள். வாசகங்களை வீட்டிலேயே படித்துவிட்டுப் போங்கள். காணிக்கை நேரத்தில் உண்டியலில் போடும் பணத்தோடு அந்த வாரத்தையும் மனதால் வையுங்கள். முடிந்தால் வார நாளில் ஒரு பூசை. காணிக்கை செலுத்த வரும்போது சகோதரருக்கு உங்கள் மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், முதலில் போய் அவரோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ளுங்கள் என்ற மத்தேயு 5:23-24 வரிகளை ஞாயிறு காலையில் ஒருமுறை வாசித்துவிட்டுக் கிளம்புங்கள். அது உங்களை அடுத்த படிக்குக் கொண்டுபோகும்.

6. ஒத்துப்போகாத அந்த ஒருவர்

ஒவ்வொருவர் வாழ்க்கையிலும் ஒருவர் இருப்பார். அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே நமக்கு முகம் மாறும். புனிதத்தின் வேலை பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

பிரான்சின் லிசியே நகரில் வாழ்ந்த புனித குழந்தை தெரசாளை ரோஜாப் பூக்களோடு படத்தில் பார்த்தே பழகிவிட்டோம். அவர் வாழ்ந்தது பத்தடிக்கு ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டிய கார்மேல் மடத்தில். பதினைந்து வயதில் போனார், 1897இல் 24 வயதில் காசநோயில் இறந்தார். நடுவில் நடந்தவற்றை அவரே எழுதி வைத்திருக்கிறார். அவற்றில் பெரிய காரியம் என்று ஒன்றும் இல்லை. துணி துவைக்கும் இடத்தில் எதிரே நின்ற சகோதரி, அழுக்குத் தண்ணீர் இவர் முகத்தில் தெறிக்கத் தெறிக்கத் துவைக்கிறார். முகத்தைத் துடைத்துக் காட்டி உணர்த்தலாம் என்று தோன்றுகிறது. துடைக்காமல் நிற்கிறார். நடக்கச் சிரமப்பட்ட வயதான சகோதரி ஒருவரைச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப் போகும் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொள்கிறார். மெதுவாகப் போனாலும் திட்டு, வேகமாகப் போனாலும் திட்டு. கொண்டுபோய் உட்கார வைத்ததோடு திரும்பவில்லை. அவர் ரொட்டியை வெட்டச் சிரமப்படுவதைப் பார்த்து அதையும் செய்து கொடுத்துவிட்டு, கிளம்பும் முன் ஒரு புன்னகை. இன்னொரு சகோதரி, இயல்பிலேயே இவருக்குப் பிடிக்காதவர். அவருக்காகச் செபித்து, முடிந்த உதவியெல்லாம் செய்து, பார்க்கும்போதெல்லாம் சிரித்ததில், "என்னிடம் உங்களுக்கு எது இவ்வளவு பிடித்திருக்கிறது?" என்று அந்தச் சகோதரியே ஒருநாள் கேட்டுவிட்டார். 1997இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் திருச்சபைக்கே ஆசிரியர் என்ற பொருளில் மறைவல்லுநர் என்று அறிவித்தது இந்தப் பெண்ணைத்தான்.

நாம் என்ன செய்யலாம்? அந்த ஒருவரின் பெயரைத் தினமும் செபத்தில் சொல்லுங்கள். "அவரை மாற்றும்" என்று வேண்டாமல், அவருக்கு நன்மை கேட்டு வேண்டுங்கள். அப்புறம் வாரத்துக்கு ஓர் உதவி, அவர் கேட்காமலே. மூன்றாவதுதான் கடினம். அவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேச்சு வரும்போது, சேர்ந்து பேசாமல் இருங்கள். பங்கு மக்கள் நடத்தும் வாட்ஸப் குழுக்களுக்கும் இது பொருந்தும்.

இங்கே ஓர் எல்லையை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் அடி உதை வாங்கிக்கொண்டு, பிள்ளைகளையும் வாங்க வைத்துக்கொண்டு, "இது என் சிலுவை" என்று இருக்கச் சொல்லி யாராவது அறிவுரை சொன்னால், ஏற்காதீர்கள். மன்னிப்பது வேறு, வன்முறைக்குள்ளேயே இருப்பது வேறு. கடுமையான ஆபத்து இருக்கும்போது பிரிந்து வாழத் திருச்சபைச் சட்டமே இடம் தருகிறது. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். மன்னிப்பை அங்கிருந்தும் தொடங்கலாம்.

7. பணமும் சாதியும்

மறையுரைகளில் அதிகம் வராத படி இது. கூலியாட்களுக்குக் கொடுக்காத கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு திருமுகம் ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு எந்தத் தேதியில் சம்பளம் தருகிறீர்கள்? உடம்பு சரியில்லாமல் வராத நாளுக்குப் பிடிக்கிறீர்களா? அவருக்குத் தனித் தம்ளரா? ஆன்ம சோதனையில் இந்தக் கேள்விகளும் இருக்க வேண்டும். உண்டியலில் போடும் நூறு ரூபாய் இதற்கு ஈடாகாது. நீதியாகத் தர வேண்டியதைத் தந்த பிறகுதான் தர்மத்தின் கணக்கே தொடங்குகிறது.

தர்மத்துக்கு ஒரு முகம் வேண்டுமானால் இத்தாலியின் துரின் நகரில் வாழ்ந்த பியர் ஜார்ஜோ பிரசாத்தியைப் பாருங்கள். அப்பா ஒரு பெரிய நாளிதழின் உரிமையாளர். பிள்ளை மலையேறுவார், நண்பர்களோடு கும்மாளம் போடுவார், புனித வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்து சேரி வீடுகளுக்கு மருந்தும் உணவும் கொண்டுபோவார். டிராம் காசை ஏழைக்குக் கொடுத்துவிட்டு நடந்து வீடு திரும்புவார். இதில் முக்கால்வாசி வீட்டுக்கே தெரியாது. 1925 ஜூலையில், 24 வயதில், இளம்பிள்ளைவாதம் தாக்கி ஒரு வாரத்துக்குள் இறந்தார். சாவதற்கு முந்தைய நாள், செயலிழந்துகொண்டிருந்த கையால் கோணல் எழுத்தில் நண்பருக்கு ஒரு சீட்டு எழுதினார். தான் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஏழை நோயாளிக்குப் போக வேண்டிய ஊசி மருந்தைப் பற்றியது அது. அடக்கத்துக்கு வந்து குவிந்த ஏழைகளைப் பார்த்துத்தான் பிள்ளை யார் என்று பெற்றோருக்குப் புரிந்தது. 2025 செப்டம்பர் 7 அன்று, இத்தாலியச் சிறுவர் கார்லோ அக்குதிஸோடு சேர்த்து, திருத்தந்தை பதினான்காம் லியோ இவரைப் புனிதராக அறிவித்தார்.

முறையாகச் செய்ய விரும்பினால் பங்கில் இருக்கும் வின்சென்ட் தே பவுல் சபையில் சேருங்கள். பணம் அனுப்புவதோடு நிற்காமல் வீடு தேடிப் போவது அவர்களுடைய வழக்கம்.

இனி சாதி. தேவசகாயத்தின் மேல் அன்றைய மேல்சாதியினர் கொண்ட வெறுப்புக்கு ஒரு காரணம், அவர் எல்லாச் சாதியினரோடும் சேர்ந்து பழகியதும் சாப்பிட்டதும். அவர் 1745 மே 14 அன்று திருமுழுக்குப் பெற்றது அவர் வாழ்ந்த திருவிதாங்கூர் அரசுக்கு வெளியே, வடக்கன்குளத்தில். அதே வடக்கன்குளத்தில் பின்னாளில் கட்டிய கோவிலுக்குள் சாதிக்குச் சாதி மக்களைப் பிரித்து வைக்கச் சுவர் எழுப்பியிருந்தார்கள். 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. இடித்தவர்கள் சும்மா இடித்துவிடவில்லை, வழக்கையும் வன்முறையையும் சந்தித்தார்கள். புனிதர் பட்டத்தின்போது தேவசகாயத்தின் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரை வத்திக்கான் நீக்கியது. இன்றும் தனிக் கல்லறை, தெருவுக்குள் வராத தேர், பெண் பார்க்கும்போது முதலில் கேட்கப்படும் கேள்வி எல்லாம் நம்மிடையே இருக்கின்றன. மற்ற எல்லாப் படிகளையும் ஏறிவிட்டு இதில் நின்றுவிடுகிறவர், நற்கருணையில் யாரை வாங்குகிறார் என்று தன்னையே கேட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் குழுவில்) அழைப்பு வராத வீடு எது என்று பாருங்கள். அடுத்த கூட்டத்தை அங்கே வைக்கக் கேளுங்கள். அங்கே சாப்பிடுங்கள்.

8. வேலையும் குடும்பமும்

குழந்தை தெரசாளின் பெற்றோர் லூயியும் செலியும் 2015 அக்டோபர் 18 அன்று சேர்ந்தே புனிதர்களானார்கள். ஒரு தம்பதியர் ஒன்றாகப் புனிதர் பட்டம் பெற்றது அதுவே முதல் முறை. லூயி கடிகாரக் கடை வைத்திருந்தார். செலி லேஸ் பின்னல் தொழில் நடத்தி, பெண்களுக்கு வேலை கொடுத்தார். ஒன்பது பிள்ளைகளில் நான்கு பேரைச் சிறு வயதிலேயே அடக்கம் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வாடிக்கையாளர் வந்தாலும் லூயி கடையைத் திறக்கமாட்டார்.

இவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது, நேர்த்தியாக வேலை செய்வது, சொன்ன நாளில் கொடுப்பது, கூலி ஏமாற்றாமல் இருப்பது, பிள்ளைகளோடு செபிப்பது. இதற்கு மேல் ரகசியம் ஒன்றும் இல்லை. செபக்கூட்டத்துக்குப் போவதற்காகப் பிள்ளையின் பாடத்தையோ படுத்திருக்கும் அப்பாவையோ விட்டுவிட்டுப் போகாதீர்கள். உங்கள் வாழ்க்கை நிலைக்குரிய கடமைதான் அந்த நேரத்தில் இறைவன் கேட்பது. துறவியைப் போல வாழ முயலும் குடும்பஸ்தரைப் பார்த்து பிரான்சிஸ் சலேசியார் அன்றே எச்சரித்திருக்கிறார்.

9. துன்பம் வரும்போது

துன்பத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. நோய் வந்தால் வைத்தியம் பாருங்கள், மனச்சோர்வு வந்தால் மருத்துவரிடம் போங்கள். செலி மார்பகப் புற்றுநோயில் இறந்த பின், லூயி கடைசிக் காலத்தில் மனநோயால் பாதிக்கப்பட்டு மூன்று வருடத்துக்கு மேல் அதற்கான மருத்துவமனையில் இருந்தார். அவரும் புனிதர்தான். மனநோயை விசுவாசக் குறை என்று பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீக்க முடிந்ததை நீக்கிய பிறகும் மிஞ்சும் துன்பத்தைத்தான் ஆண்டவரின் பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுக்கிறோம். தேவசகாயம் விசுவாசத்துக்குள் வந்ததே துன்பத்தின் வழியாக. குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகள் வந்து அவர் நொந்துபோயிருந்த சமயத்தில், குளச்சல் போரில் தோற்று 1741இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் கைதியாகி, பிறகு அந்த மன்னரின் படையிலேயே சேர்ந்த டச்சுத் தளபதி டிலனாய், எல்லாவற்றையும் இழந்தும் விசுவாசத்தை விடாத விவிலிய யோபுவின் கதையை அவருக்குச் சொன்னார். 1749இல் அதே விசுவாசத்துக்காகத் தேவசகாயம் கைதானார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தினார்கள், காயங்களில் மிளகாய்ப் பொடி தேய்த்தார்கள். பெருவிளையில் மரத்தில் கட்டி வைக்கப்பட்டிருந்த நாட்களில், அவரைப் பார்க்க வந்த மக்களுக்கு அவரே ஆறுதல் சொல்லி அனுப்பினார். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது.

நமக்குத் துப்பாக்கி வராது. படுக்கையில் இருக்கும் தாயைப் பல வருடம் பார்த்துக்கொள்வது வரும், வேலை போவது வரும், நம் பெயரைக் கெடுக்கும் பொய் ஒன்று வரும். அந்த நாளில் நீண்ட செபம் சொல்ல வராது. சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டு "இயேசுவே, உம்மோடு" என்பது போதும்.

உங்கள் பங்கில் புனிதமாக ஒருவர் வாழ்ந்து இறந்திருந்தால்

இதைக் கேட்கிறவர்கள் குறைவு, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் இறந்து குறைந்தது ஐந்து ஆண்டு ஆன பிறகு மறைமாவட்ட ஆயர் விசாரணையைத் தொடங்கலாம். அப்போது அவர் இறை ஊழியர். அவர் பண்புகளை ரோம் ஏற்றால் வணக்கத்துக்குரியவர். அவர் பரிந்துரையால் நடந்த ஒரு புதுமை (அற்புதம்) உறுதியானால் அருளாளர், அதற்குப் பிறகு இன்னொன்று நடந்தால் புனிதர். மறைசாட்சிக்கு அருளாளர் பட்டத்துக்குப் புதுமை தேவையில்லை. தேவசகாயம் 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளரானார், இறந்து 260 வருடம் கழித்து.

இத்தனை தாமதத்தில் சாட்சிகள்தான் முதலில் போய்விடுவார்கள். எனவே அவரை நேரில் அறிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே, அவர்கள் கண்ணால் பார்த்ததை, தேதி இடத்தோடு, அவர்கள் வார்த்தையிலேயே எழுதி, கையெழுத்து வாங்கி வையுங்கள். குறைகளையும் சேர்த்தே எழுதுங்கள், விசாரணையில் அதையும் கேட்பார்கள். கடிதங்கள், டைரி, மருத்துவச் சீட்டுகள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். தனிப்பட்ட முறையில் அவரிடம் வேண்டிக்கொள்ளத் தடையில்லை. ஆனால் படத்துக்கு ஒளிவட்டம் வரைவது, பீடத்தில் வைப்பது, அவர் பெயரில் பொது வழிபாடு நடத்துவது எல்லாம் கூடாது. திருச்சபையின் அனுமதிக்கு முன் அப்படிச் செய்தால் புனிதர் பட்ட விசாரணையே தடைபடும். வேண்டுதல் நிறைவேறியதாகத் தோன்றினால், மருத்துவ அறிக்கைகளின் நகலோடு பங்குத்தந்தையிடம் எழுத்தில் கொடுங்கள். அவர் அதை ஆயர் இல்லத்துக்கு அனுப்புவார்.